பூவாடைக்காரிக்கு இரண்டாவது புடவை

திருவண்ணாமலையில் என் முதல் காலைச் சாப்பாட்டில் ஒரு குரங்கு பங்கு எடுத்துக்கொண்டது. விடுதி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். வடையைச் சட்னியில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கம்பிக்கு வெளியிலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. மலேசியாவிலும் குரங்குகள் உண்டு. அவை பையைப் பிடுங்கும், பழத்தைப் பிடுங்கும். சட்னி தோய்க்கும்வரை காத்திருக்கிற பொறுமை அவற்றுக்குக் கிடையாது.

கீழே போய் முறையிட்டேன். "ஜன்னல சாத்திட்டு சாப்புடணும்மா. போர்டு வச்சிருக்கறோமே" என்றார் விடுதிக்காரர். போர்டைப் பார்த்தேன், தெலுங்கில் இருந்தது. ஆந்திராவிலிருந்து வருகிற கூட்டம் அப்படி. தமிழர்களுக்குக் குரங்கைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள்.

எனக்குக் கோபமே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே அண்ணாமலையார் மலை நின்றது. அந்த மலையைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கேட்டு, கண்ணால் பார்க்கும்போது ஐம்பத்தேழு வயதுக்காரி என்பதே மறந்து கையைத் தட்டிக் குதித்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு வடை போனால் போகட்டும்.

நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியை நான். பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறது. அதற்குச் செங்கமலம் டீச்சரின் பெயரை வைக்கவேண்டும் என்று பள்ளி வாரியக் கூட்டத்தில் சொன்னேன். வாரியத் தலைவருக்குத் தன் அப்பாவின் பெயரை வைக்க ஆசை. "அந்த டீச்சர் யார் பெற்ற பிள்ளை? எந்த ஊர்? திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட ஒரு சொந்தக்காரராவது உண்டா?" என்று கேட்டார். "உண்டு, நான் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் வாய் போய்விடும். சொந்தக்காரர் கிடைத்தால் டீச்சர் பெயர், கிடைக்காவிட்டால் தலைவரின் அப்பா பெயர் என்று கூட்டம் முடிந்தது.

செங்கமலம் டீச்சர் வெள்ளைக்காரன் காலத்தில், ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வருவதற்கு முன்பு, ஆள்பிடித்துப் போன ஒரு கங்காணியின் கூட்டத்தோடு கப்பலேறி வந்தவர். வந்தது ரப்பர் மரத்தில் பால்வெட்ட. ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்தார், தோட்டத்தில் அதுவே பெரிய படிப்பு. வெகு சீக்கிரம் வெட்டுக்கத்தியை வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் முதல் பெண் ஆசிரியை அவர்தான்.

பெண்பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று பார்த்தார். அம்மா வெட்டுக்குப் போனால் தம்பியை அக்காதான் பார்க்கவேண்டும். "தம்பியையும் தூக்கிட்டு வா" என்றார். வகுப்பு உத்தரத்தில் வரிசையாகத் தூளி கட்டினார். கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, தூளியை ஆட்டியபடியே எழுதவேண்டும். தோட்டத்துத் துரை வந்து பார்த்து, "இது பள்ளிக்கூடமா, ஆயாக் கொட்டகையா?" என்று கேட்டாராம். "ரெண்டும்தான் துரை, ஒரே சம்பளத்தில்" என்றாராம் டீச்சர். ஜப்பான்காரன் காலத்தில் பலகையும் இல்லை, பல்பமும் இல்லை. ரப்பர் இலையில் முள்ளால் எழுதவைத்தார். அப்படித் தூளி ஆட்டிக்கொண்டே எழுதிய கடைசிப் பெண்களில் நானும் ஒருத்தி.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கீழ்பென்னாத்தூர் பக்கம், அண்ணாமலையார் மலை தெரிகிற ஏரி என்பார். தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதற்காகப் படிப்பை நிறுத்திப் பலகையை உடைத்துப் போட்டார்களாம். "வெறுங்கையோட கிளம்பினேன். எங்க அக்கா மட்டும் ஏரிக்கரை வரைக்கும் வந்தா. 'திரும்பிப் பாக்காம போடி, மீதிய நான் பாத்துக்கறேன்'னா" என்று ஒரே ஒருமுறை சொன்னார். ஊருக்குக் கடிதம் போட்டதே இல்லை. போட்டால் அக்கா மாட்டிக்கொள்வாள் என்று பயம்.

இதுதான் என் கையில் இருந்த விலாசம்.

மாலையில் அன்வர் பாயைப் பிடித்தேன். பரம்பரையாக இந்த ஊர்க்காரர், ஆட்டோ ஓட்டுகிறார், என் வயதுதான் இருக்கும். மலை தெரிகிற ஏரி என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், மலை தெரியாத ஏரி எதுனா இருந்தா சொல்லுங்க. அத ஈஸியா கண்டுபுடிச்சிடலாம்" என்றார். உண்மைதான். இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் மலை கூடவே திரும்புகிறது.

அன்று இரவு ஒரு டிபன் கடையில் காரச் சட்னியைத் தொட்டுவிட்டு நான் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு ஆந்திரா அம்மாக்கள். எங்கள் தோட்டத்தில் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு என்பதால் எனக்கு அந்த மொழி புரியும். ஒருவர் மற்றவரிடம், "நல்ல ஊர், நல்ல கோயில். பாவம், இவர்களுக்கு மிளகாய் என்று ஒன்று இருப்பதே தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இன்னொரு தம்ளர் தண்ணீர் கேட்டேன்.

இரண்டாம் நாள் ஏரி ஏரியாகச் சுற்றினோம். ரோட்டின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் எதிரே வரும் பஸ்ஸும் நாங்களும் போகவேண்டும். எங்கள் நாட்டில் சாலையில் ஒரு வாழைத்தோலைப் போட்டாலும் அபராதம் என்றேன். "அப்போ நெல்ல எங்க காய வைப்பீங்க?" என்று கேட்டார் அன்வர் பாய்.

ஒவ்வொரு ஊரிலும் இறங்கி ஒரே கேள்வியைக் கேட்டேன். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குப் பயந்து மலாயாவுக்கு ஓடிப்போன பெண் யாராவது உண்டா? ஓடிப்போன பெண் என்றதும் முகங்கள் மூடிக்கொண்டன. "எங்க ஊர்ல அந்த மாதிரி எல்லாம் கெடையாதும்மா" என்றார்கள். ஒருவர் மட்டும், "ஓடிப்போன பொண்ணா? இந்த வருஷத்துதே ரெண்டு இருக்குது, வேணுமா?" என்று கேட்டார். அன்வர் பாய் ஆட்டோவைக் கிளப்பிவிட்டார்.

வெயில் ஏறியது. வழியில் ஒரு அம்மா அவித்த வேர்க்கடலையைச் சுடச்சுட விற்றுக்கொண்டிருந்தார். இங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர். நான் வேர்க்கடலை என்று கேட்க, அவர் என்னை வெள்ளைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நாக்கில் உப்பும் மண்வாசனையும் ஒட்டிக்கொண்டன. நான் அந்த மல்லாட்டையில் முழுகியிருந்தபோது ஆட்டோ இருமியது, குலுங்கியது, கீழ்பென்னாத்தூருக்குள் நுழைந்து நின்றே விட்டது.

"நல்ல எடத்துலதான் நின்னுருக்குது" என்றார் அன்வர் பாய், தானே திட்டம் போட்டு நிறுத்தியவர் மாதிரி. எதிரே அவருடைய மச்சானின் ஜவுளிக்கடை. மெக்கானிக் வரும்வரை என்னை அங்கே உட்காரவைத்து ஏலக்காய் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அப்போது ஒரு குடும்பம் கல்யாண ஜவுளி எடுக்க வந்தது. அப்பா ஏழுமலை, மல்லாட்டையும் நெல்லும் போடுகிற விவசாயி. அவருடைய தங்கை கஸ்தூரி. கல்யாணப் பெண் திவ்யா, திருவண்ணாமலையில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் இயற்பியல் படிக்கிறவள். கடைக்காரர் கேட்காமலே ஒரு மஞ்சள் பட்டுப் புடவையை எடுத்து முதலில் வைத்தார். ஏழுமலை விலை கேட்கவில்லை, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். கஸ்தூரியின் கூடையில் வளையல், பூ, குங்குமத்தோடு சிலேட்டுப் பலகை ஒன்றும் பல்பமும் இருந்தன. கல்யாணச் சாமான்களில் பலகையா?

வாய் சும்மா இருக்குமா? கேட்டேன்.

"பூவாடைக்காரிக்குங்க" என்றார் கஸ்தூரி.

அன்வர் பாயின் மச்சான் எனக்கு விளக்கினார். இந்தப் பக்கத்து வீடுகளில் வாழவேண்டிய வயதில் செத்துப்போன பெண் இருந்தால் அவளே வீட்டுச் சாமி. அவள்தான் பூவாடைக்காரி. கல்யாணம் என்றால் முதல் புடவை அவளுக்கு. நீர்க்கரையில் பம்பை அடித்து அவளை அழைத்து, படையல் போட்டு, உத்தரவு கேட்ட பிறகுதான் மற்ற காரியம். வீட்டுப் பெண் ஒருத்தியின்மேல் வந்து பதில் சொல்வாள்.

"அது செரி, பலகை எதுக்கு?"

"எங்க தாத்தாவோட தங்கச்சிங்க அவ" என்றார் ஏழுமலை. "படிப்புன்னா உசுரு. தாய்மாமனுக்குக் கட்டிக் குடுக்கறதுக்கோசரம் பலகைய ஒடைச்சிப் போட்டுட்டாங்க. தண்ணி மொள்ளப் போனவ வரல. ஏரிக்கரைல கொடம் மட்டும் இருந்துது. ஒடம்புகூட கெடைக்கல. அப்பறம் அவளோட அக்கா பூங்காவனத்து மேலதான் மொதல்ல வந்தா. வந்து, 'எனக்குப் பலகை வையி. இந்த வீட்ல எந்தப் பொண்ணு படிப்பையும் நிறுத்தாத'ன்னா. அன்னிலேருந்து வைக்கறோம்."

டீ தம்ளரைக் கீழே வைத்தேன். "பேரு?"

"செங்கமலம்."

எழுந்து நின்ற நான் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, அங்கே ஜமுக்காளக் கட்டு இருந்தது. யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். எனக்கு ஓடிப்போய்த் தெருவில் நின்று கத்தவேண்டும்போல் இருந்தது. கிடைத்துவிட்டார்கள்! நான் ஓடிப்போன பெண்ணைத் தேடினேன், இவர்களோ செத்துப்போன பெண்ணைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் கஸ்தூரி திவ்யாவின் தலையைத் தடவி, "நாளைக்கு அவ இன்னா சொல்றாளோ அதான்" என்றார். "கல்யாணத்தோட படிப்பு போதும்னு மாப்பிள வீட்ல சொல்றாங்க. எங்க அண்ணன் யார் பேச்சுக்கும் மசியமாட்டேங்குது. பூவாடைக்காரி சொன்னாதான் கேக்கும்."

திவ்யா கூடையிலிருந்த பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் முதல்முறையாக மூளை வாயை முந்தியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நாளைக்கு நீங்களும் வாங்கம்மா" என்று ஏழுமலை என்னைக் கூப்பிட்டார். மலேசியாவிலிருந்து வந்த யாரோ ஒரு டீச்சர், சாமி பெயரைக் கேட்டதும் மயங்கி உட்காருகிறாள் என்றால் பக்தி என்று நினைத்திருப்பார்.

திரும்பும் வழியில் அன்வர் பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டீச்சர் சாகவில்லை என்று சொன்னால் எனக்குச் சொந்தக்காரர் கிடைப்பார், டீச்சர் பெயர் கட்டடத்தில் ஏறும். ஆனால் சாமி போய்விடும். சாமி போனால் திவ்யாவின் படிப்பும் போகும். எந்த டீச்சர் எங்களைத் தூளி ஆட்டவைத்துப் படிக்கவைத்தாரோ, அவர் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணின் படிப்பை நான் நிறுத்துவதா?

அவர் என்னை ஒரு பிரியாணிக் கடை முன் இறக்கினார். "சொன்னா சாமி போயிடும், சொல்லலன்னா டீச்சர் போயிடுவாங்க. ரெண்டும் கஷ்டம்தான் மேடம். ஜாஸ்தி யோசிக்காதீங்க, சாப்புடுங்க" என்றார். பிரியாணி நன்றாக இருந்தது. யோசனை நிற்கவில்லை. படுக்கப்போகும்போது முடிவெடுத்தேன். சொல்லப்போவதில்லை. தலைவரின் அப்பா பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாம் நாள், பொழுது சாயும் நேரம், ஏழுமலையின் ஊர் ஏரிக்கரையில் அன்வர் பாயோடு நின்றேன். டீச்சர் சொன்ன ஏரி! தண்ணீருக்கு அந்தப் பக்கம், வயல்களைத் தாண்டி, மலை. என் டீச்சர் திரும்பிப் பார்க்காமல் நடந்த கரை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முறத்தில் புடவை, பூ, வளையல், பலகை. பம்பையும் உடுக்கையும் ஆரம்பித்தபோது என் நெஞ்செலும்புவரை அதிர்ந்தது. எங்கள் ஊர்த் தைப்பூச உறுமியெல்லாம் இதன் பக்கத்தில் தாலாட்டு. மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார், வேறு மாவட்டத்துக்காரர். கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல ஓரமாக நின்றார்.

கஸ்தூரி மஞ்சள் தண்ணீரில் நனைந்து, வேப்பிலையோடு நடுவில் நின்றார். பம்பை ஏற ஏற அவர் உடம்பு ஆடியது. ஏழுமலை கைகூப்பி, "தாயே, கல்யாணத்த நடத்தலாமா?" என்று கேட்டார்.

"நடத்து" என்று வந்தது பதில். "பொண்ணு படிப்ப நிறுத்தாத. என் பலகைய ஒடைச்சீங்க. அவ பலகைய ஒடைக்காதீங்க."

ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். திவ்யாவின் முகம் மலர்ந்தது. நான் பெருமூச்சு விட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தது வீண்போகவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா பேசினார். "இது உங்க வீட்டுச் சாமிங்க. எங்க வீட்டுக்கு இது கெடையாது. தண்ணியில உழுந்து போன பொண்ணு அவ. படிச்சி இன்னாத்தக் கண்டா? அந்தப் படிப்பாலதான ஏரியில உழுந்தா?"

"உழல!" என்று கத்தினேன்.

பம்பை நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனி மூடி என்ன பயன்?

"அவங்க தண்ணியில விழவேயில்ல. கடலைத் தாண்டி மலாயாவுக்கு வந்தாங்க. எங்க தோட்டத்துல டீச்சரா இருந்தாங்க. எங்க அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாங்க, எனக்கும் சொல்லிக் கொடுத்தாங்க. நரைச்ச தலையோட, மூக்குக்கண்ணாடியோட, எங்க கண்ணு முன்னாலதான் செத்தாங்க. படிச்சி என்னத்தக் கண்டாங்களா? நான் இருக்கேனே, என்னைப் பாருங்க!"

போனில் இருந்த பழைய வகுப்புப் போட்டோவைக் காட்டினேன். அது கை கையாகப் போயிற்று. ஏழுமலை கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அந்தக் கொடம்?" என்றார் மெதுவாக.

"அவங்க குடமே எடுத்துட்டுப் போகலைங்க. வெறுங்கையோடதான் கிளம்பினாங்க. கரைவரைக்கும் வந்தது அக்கா மட்டும்தான். 'திரும்பிப் பாக்காம போடி, மீதிய நான் பாத்துக்கறேன்'னு சொன்னாங்களாம்."

சொல்லும்போதேதான் எனக்கு விளங்கியது. அந்த 'மீதி' என்ன என்று இத்தனை வருஷம் எனக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரிந்திருக்காது. தங்கையை யாரும் துரத்திப்போய்ப் பிடிக்காமல் இருக்கக் கரையில் குடத்தை வைத்தவள் பூங்காவனம். பிறகு தன் மேல் சாமியை வரவழைத்து, வீட்டில் ஒரு பெண்ணின் படிப்பும் நிற்காமல் பார்த்துக்கொண்டவளும் பூங்காவனம்தான். நான் விளக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அங்கிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஏழுமலை தன் தங்கையைப் பார்த்தார். "அப்போ இத்தினி வருஷமா நம்மகிட்ட பேசினது யாரு?"

கஸ்தூரி முகத்தில் வழிந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டார். "என் மேல வர்றது எனக்குத் தெரியாதுண்ணா, சத்தியமா தெரியாது. ஆனா சொன்னதுல எதுனா தப்பு இருந்துச்சா?"

"அப்போ சாமியே இல்லன்னு ஆயிப்போச்சு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

நான் பயந்தேன். எதைத் தவிர்க்க நேற்று முழுக்கத் தவித்தேனோ அதையே செய்து வைத்திருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏழுமலை எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "இல்லன்னா போவட்டுங்க. எங்க வீட்டு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, அது போதும். செத்தவ சொல்றான்னு நெனச்சே எங்கப்பா இந்தக் கஸ்தூரிய பன்னண்டாவது வரைக்கும் படிக்க வச்சாரு. வாழ்ந்து காட்டினவ சொல்றத நான் தட்டுவனா? எம்பொண்ணு படிப்பு நிக்காது. அதுக்கு அப்பறம் சம்மந்தம் நிக்கறதும் போறதும் உங்க இஷ்டம்."

திவ்யா அழுதுகொண்டிருந்தாள். போன் கடைசியாக மாப்பிள்ளையின் அம்மாவின் கைக்குப் போயிருந்தது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மேல வரிசையா தொங்குதே, இன்னாம்மா இது?"

"தூளிங்க. உள்ள கைக்குழந்தைங்க இருக்கும். அக்காக்காரிங்க கால்ல கயித்த மாட்டி ஆட்டிக்கிட்டே எழுதுவாங்க. இல்லன்னா அதுங்களைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பமாட்டாங்க."

அவர் வெகுநேரம் அந்தப் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்னிய எட்டாவதுல நிறுத்தினதே எந்தம்பிய ஆட்டறதுக்குத்தான்" என்றார். "தம்பியத் தூக்கிட்டு வாடின்னு சொல்ல எங்க ஊர்ல ஒருத்தரும் இல்லியே."

போனை என்னிடம் தரவில்லை, திவ்யாவிடம் கொடுத்தார். "முழுசா படிச்சி முடி. அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. கட்டியும் பிடித்தேன். அவர் கொஞ்சம் நெளிந்தார்.

"யப்பா, நான் அடிக்கறதா, கட்டிக்கினு கெளம்பறதா? அதச் சொல்லுங்க" என்றார் பம்பைக்காரர். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"அடி" என்றார் ஏழுமலை. "ஆனா இனிமே ரெண்டு பேருக்கும் சேத்து அடி. கொடத்த வச்சவளுக்கும் வைக்கணும் இல்ல?" பிறகு அன்வர் பாயைத் திரும்பிப் பார்த்தார். அன்வர் பாய் அதற்குள்ளேயே போனைக் காதில் வைத்திருந்தார். "மச்சான், அதே மாதிரி இன்னொரு மஞ்சப் பொடவை. ஆமா, ஏரிக்கரைக்கு. வண்டிய முறுக்குடா!"

இரண்டு இலை போட்டார்கள். இருட்டுவதற்கு முன் மச்சான் பைக்கில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார். சர்க்கரைப் பொங்கலும் வடையும் மொச்சைக் குழம்பும் இரண்டு இலைகளிலும் விழுந்தன. பம்பை மறுபடி எழுந்தது. இந்த முறை கஸ்தூரி ஆடவில்லை, நின்று கும்பிட்டார்.

படையல் முடிந்ததும் சாமிக்கு வைத்த புடவையை வீட்டுப் பெண் கட்டிக்கொள்ளவேண்டும், அது முறை. பூங்காவனத்தின் புடவையை ஏழுமலை கஸ்தூரியிடம் கொடுத்தார். செங்கமலத்தின் புடவையை எடுத்தபோது எல்லோரும் திவ்யாவைப் பார்த்தார்கள். ஏழுமலை மட்டும் என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்குக் கொள்ளி வச்சது யாரும்மா?"

"நான்தாங்க" என்றேன். டீச்சருக்குப் பிள்ளையில்லை. பெண் கொள்ளி வைக்கக்கூடாது என்று தோட்டத்துப் பெரியவர்கள் தடுத்தார்கள். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவருக்கு நான்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக நின்று வைத்தேன்.

"அப்போ நீங்கதான் இந்த வீட்டுப் பொண்ணு" என்றார் ஏழுமலை. புடவையை என் கையில் வைத்தார்.

உடுத்தியிருந்ததன் மேலேயே கஸ்தூரி அதைச் சுற்றிவிட்டார். எனக்கு அழுகை நிற்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே மொச்சைக் குழம்பில் சோற்றைப் பிசைந்து தின்றேன். காரம் சரியாக இருந்தது.

மறுநாள் காலை ஜன்னலைச் சாத்திவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாரியத் தலைவர் போன் செய்தார். ஏழுமலை வீட்டில் யாராலும் இப்போது வரமுடியாது. கல்யாண வேலை தலைக்குமேல் இருக்கிறது, ஒருவரிடமும் பாஸ்போர்ட் கிடையாது.

"என்னம்மா, அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. சொந்தக்காரர் யாராவது கிடைத்தாரா?"

"கிடைத்தார். ரிப்பன் அவர்தான் வெட்டுவார், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன்.

"பெயருக்குக் கீழே என்ன போடுவது? தலைமையாசிரியை என்றா?"

"மகள் என்று போடுங்கள்" என்றேன்.